றஸ்க், ஈஸ்ட், காப்புரிமை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உப்புவெளியில் சிறிய பேக்கரி நடத்துகிறேன். பாண், பணிஸ், ஆட்டா றஸ்க் போடுகிறோம். லண்டனில் கடை வைத்திருக்கும் உறவினர் எங்கள் றஸ்க்கை எடுக்கத் தயார், ஆனால் அக்ரிலமைட் (கூடிய சூட்டில் சுடும்போது உணவில் உருவாகும், புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று கருதப்படும் பொருள்) பரிசோதனை அறிக்கை வேண்டும் என்கிறார். இதைக் குறைப்பதற்கென்றே கனடாவில் ஒரு ஈஸ்ட்டுக்குக் காப்புரிமை எடுத்திருக்கிறார்களாம். அதை நாங்கள் பாவித்தால் சட்டச் சிக்கல் வருமா? அது மரபணு மாற்றிய பொருளா? அதன் நொதியம் இரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றுகிற மருந்து என்று ஒருவர் பயமுறுத்துகிறார். எங்களுடைய சாதாரண ஈஸ்ட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாதா?

வாசகர், திருகோணமலை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். முடியும். அந்தக் கனடா ஈஸ்ட் விற்பது நேரத்தை. அரை மணித்தியாலத்தில் மா குழைத்து அடுப்பில் ஏற்றும் தொழிற்சாலைக்கு அது பெரிய விஷயம். நாலு மணித்தியாலம் மாவைப் புளிக்கவிட உங்களால் முடியுமென்றால், வேலையின் பெரும்பகுதியைச் சாதாரண ஈஸ்ட்டே செய்துவிடும்.

மாவில் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் தனியாகவே இருக்கிறது. குளுக்கோஸ், பிரக்டோஸ் போன்ற சீனிகளோடு அது சேர்ந்து, ஈரம் வற்றிய இடத்தில், சுமார் 120 பாகை செல்சியசுக்கு மேல் வேகும்போது அக்ரிலமைட் உருவாகிறது. உணவில் இது இருப்பதைச் சுவீடன்காரர் 2002இல் வெளியிட்டனர். பாணின் நடுப்பகுதி 100 பாகையைத் தாண்டாது, ஆகவே அங்கே பிரச்சினை இல்லை, மேலோட்டில்தான். றஸ்க்கோ துண்டு முழுவதுமே மேலோடு ஆகிவிட்ட பண்டம். அதோடு தவிடும் முளையும் அஸ்பரஜின் கூடிய பகுதிகள் என்பதால் ஆட்டா றஸ்க்குக்கு இரட்டைக் கவனம் வேண்டும்.

அஸ்பரஜினேஸ் என்ற நொதியம் அஸ்பரஜினை அஸ்பார்ட்டிக் அமிலமாகவும் அமோனியாவாகவும் உடைக்கிறது. அதன்பிறகு அக்ரிலமைட் உருவாக மூலப்பொருள் இல்லை. ஈஸ்ட்டுக்குள் இந்த நொதியம் இயல்பாகவே உண்டு. ஆனால் இலகுவாகக் கிடைக்கும் நைதரசன் உணவு, குறிப்பாக அமோனியமும் குளுட்டமினும், கையில் இருக்கும்வரை ஈஸ்ட் அஸ்பரஜினை அவ்வளவாகத் தொடாது. அதற்கான மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும். வான்கூவரில் உள்ள ரெனேசான்ஸ் பயோசயன்ஸ் நிறுவனம், இந்த அடக்கம் தளர்ந்த ஈஸ்ட்டை வெளி மரபணு எதையும் செருகாமல் தேர்ந்தெடுத்து வளர்த்தது. அக்ரிலீஸ்ட் என்ற பெயரில் விற்கப்படுவது அதுதான். ஆகவே அது மரபணு மாற்றிய ஈஸ்ட் அல்ல.

உங்கள் பேக்கரியில் இன்றே பார்க்கவேண்டியது பாண் இம்புரூவர் (மாவைப் பதப்படுத்தச் சேர்க்கும் தூள்) பைக்கற்றின் லேபலை. சேர்க்கைப்பொருள் இலக்கம் 510 என்றால் அமோனியம் குளோரைட், 517 என்றால் அமோனியம் சல்பேற். ஈஸ்ட்டுக்குத் தீனி என்று இவற்றைச் சேர்க்கிறார்கள். நீங்கள் அதையும் போட்டுவிட்டு நீண்ட நேரம் புளிக்கவைத்தால், அஸ்பரஜினை விட்டு அமோனியத்தைத் தின்னும்படி நீங்களே ஈஸ்ட்டைப் பழக்குகிறீர்கள். பிஸ்கற் போடுகிறீர்கள் என்றால் 503, அதாவது பேக்கிங் அமோனியா, அக்ரிலமைட்டை நேரடியாகவே கூட்டும். அதற்குப் பதில் சோடியம் பைகாபனேற்றுக்கு மாறுங்கள்.

இனி அளவு. 10 கிலோ மா என்று வைப்போம்: 4 கிலோ ஆட்டா, 6 கிலோ வெள்ளை மா. முதற்குழையலில் ஆட்டா முழுவதையும் வெள்ளை மாவில் 3 கிலோவையும் போடுங்கள். 4.5 லீற்றர் தண்ணீர், 25 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். உப்பு வேண்டாம். நாலு மணித்தியாலம் மூடி வையுங்கள். பிறகு மீதி 3 கிலோ மா, 1.5 லீற்றர் தண்ணீர், 40 கிராம் ஈஸ்ட், 160 கிராம் உப்பு, சீனி 400 கிராம், மாஜரின் 400 கிராம் சேர்த்துக் குழைத்து, அரை மணித்தியாலம் விட்டு, உருட்டி அச்சில் போட்டுப் பொங்கவிடலாம். பலர் வெள்ளை மாவில் முதற்குழையலைப் போட்டு ஆட்டாவைக் கடைசியில் சேர்க்கிறார்கள். அது தலைகீழ். அஸ்பரஜின் கூடிய மாதான் ஈஸ்ட்டோடு கூடிய நேரம் இருக்கவேண்டும். 2004இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், நீண்ட நேரம் புளிக்கவைத்த முழுக்கோதுமைப் பாணில், குறைந்த நேரம் புளித்ததைவிட அக்ரிலமைட் 87 வீதம் குறைந்தது.

திருகோணமலை வெக்கையில் இது குழம்பும் இடம் சூடு. குழைத்து முடிக்கும்போது மா 27 பாகையில் இருக்கவேண்டும். 27ஐ மூன்றால் பெருக்கினால் 81. அதிலிருந்து மாவின் சூடு, அறையின் சூடு, குழைக்கும் இயந்திரம் ஏற்றும் சூடு மூன்றையும் கழியுங்கள். மா 31, அறை 32, இயந்திரம் 8 என்றால் தண்ணீர் 10 பாகையில் வேண்டும், அதாவது ஐஸ் தண்ணீர். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் தொடங்கினால் மூன்று மணித்தியாலத்திலேயே குழையல் நடுவில் குழிந்து, புளித்த வாசம் வந்து, மா இழுவை இல்லாமல் அறுந்துபோகும். மிஞ்சிப் புளித்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைக்கவேண்டாம். அமிலம் கூடினால் ஈஸ்ட் மந்தமாகும், மாவைப் புளிப்பாக்கும் லக்ரிக் பற்றீரியா, ஈஸ்ட் அளவுக்கு அஸ்பரஜினைத் தின்னாது.

சீனியைக் கூட்டாதீர்கள். நாம் போடும் சீனியை ஈஸ்ட் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரித்துவிடுகிறது. மிஞ்சுவது நேரே மேலோட்டின் நிறத்துக்கும் அக்ரிலமைட்டுக்கும் போகும். இரண்டாம் முறை போறணையில் வைக்குமுன் துண்டுகளில் பாலோ சீனிப்பாகோ பூசவேண்டாம். குறைந்த சூட்டில் கூடிய நேரம் உலர்த்தி, பொன்னிறத்தில் எடுங்கள். மண்ணிறம் வந்த துண்டைச் சந்தைக்கு விடக்கூடாது. விறகுப் போறணையில் பின்மூலைத் தட்டுகள்தான் முதலில் கருகும். அவற்றை இடம் மாற்றி வையுங்கள்.

நொதியத்தைத் தனியாகத் தூளாக வாங்கிப் போடுவது இன்னொரு வழி. அஸ்பர்ஜிலஸ் ஒரைசே, அஸ்பர்ஜிலஸ் நைஜர் ஆகிய பூஞ்சைகளிலிருந்து வருபவை சந்தையில் உள்ளன. நைஜர் வகை புளித்த மாவுக்குப் பொருந்தும், ஒரைசே வகை நடுநிலைக்கு அண்மையில் நன்றாக வேலை செய்யும். ஈரம் இல்லாத பிஸ்கற் மாவில் இரண்டுமே திணறும், அஸ்பரஜினிடம் போய்ச் சேரத் தண்ணீர் வேண்டும். சூடு தாங்கும் மூன்றாவது வகையொன்று, கொதிக்கும் கடலடி நீரில் வாழும் பைரோகாக்கஸ் என்ற நுண்ணுயிரின் மரபணுவைப் பற்றீரியாவில் வைத்து எடுக்கப்படுவது. உங்கள் ஊர்க் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் குளிக்கும் சூடுதான். அந்த உயிருக்கு 100 பாகை வேண்டும்.

உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னதில் பாதி உண்மை. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அஸ்பரஜினேஸ் பாவிக்கப்படுகிறது. அங்கே அதை ஊசியால் ஏற்றுகிறார்கள். பாணில் அது போறணைச் சூட்டில் செயலிழந்து சாதாரணப் புரதமாகி, வயிற்றில் மற்றப் புரதங்களைப்போலச் செரித்துவிடும்.

காப்புரிமைக்கு வருகிறேன். ஈஸ்ட்டுக்குக் காப்புரிமை எடுப்பது புதிதல்ல. லூயி பாஸ்டர் 1873இலேயே அமெரிக்காவில் நோய்க்கிருமி கலக்காத ஈஸ்ட்டுக்கு எடுத்தார். ஆனால் காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. இலங்கையில் பதியப்படாத ஒன்றை இலங்கையில் வைத்து யாரும் தடுக்க முடியாது. நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், மரபணு மாற்றப்பட்ட நுண்ணுயிருக்குக் காப்புரிமை தருகிறது, மற்ற நுண்ணுயிர்களுக்குத் தருவதில்லை. நுண்ணுயிர்ச் செயல்முறைக்கோ தரலாம். ஆகவே தேர்ந்தெடுத்து வளர்த்த ஈஸ்ட் இங்கே உயிராகக் காப்புரிமை பெறாது, அதைப் பாவிக்கும் முறை பெறலாம். அஸ்பரஜினேஸை உணவில் போடும் முதற் காப்புரிமைகள் 2002, 2003 காலத்தில் விண்ணப்பிக்கப்பட்டவை. 20 ஆண்டு என்ற கணக்கில் அவை பெரும்பாலும் காலாவதி. ஒரு காப்புரிமையைப் பார்க்கும்போது முன்னுரையை விட்டு, கடைசியில் இலக்கமிட்டு வரும் உரிமைக்கோரல்களை வாசியுங்கள். கட்டுப்படுத்துவது அவை மட்டும்தான். "இந்த அமினோ அமில வரிசையோடு 80 வீதம் ஒத்த புரதம்" என்று அங்கே வந்தால், அந்த எல்லைக்குள் வரும் திருத்திய புரதங்களும் அடங்கும்.

முறையாக வாங்கிய ஈஸ்ட்டைப் பாவிப்பதில் பயமில்லை. அதிலிருந்து பழைய மா எடுத்து வைத்துப் பெருக்குவது வேறு விஷயம். 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மொன்சாண்டோ என்ற விதை நிறுவனத்தின் காப்புரிமை பெற்ற சோயா விதையை விலைக்கு வாங்கியவருக்கும் அதைப் பெருக்கும் உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. இங்கே அந்தத் தீர்ப்பு கட்டாது. ஆனாலும் பெருக்கிப் பயனில்லை: சில நாளில் காட்டு ஈஸ்ட்டும் பற்றீரியாவும் இடத்தைப் பிடித்து, நீங்கள் காசு கொடுத்த குணம் கரைந்துவிடும். லண்டனுக்கு அனுப்புவதானால் பிரித்தானியாவில் அந்த முறைக்குக் காப்புரிமை இருக்கிறதா என்று இறக்குமதி செய்பவர் பார்க்கவேண்டும், ஏனெனில் காப்புரிமை பெற்ற முறையால் நேரே செய்த பண்டத்துக்கும் அது நீளலாம். சாதாரண ஈஸ்ட்டில் நீண்ட நேரப் புளிப்பு என்றால் இந்தத் தலையிடியே இல்லை.

2017ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒழுங்குவிதியில் கிலோவுக்கு மைக்ரோகிராமில் அளவுகோல்கள் உண்டு: கோதுமையில் செய்த மென்மையான பாணுக்கு 50, பிஸ்கற்றுக்கு 350, குழந்தைகளுக்கான பிஸ்கற்றுக்கும் றஸ்க்குக்கும் 150. இவை தடை எல்லைகள் அல்ல. தாண்டினால் செய்முறையைத் திருத்தவேண்டும். பிரித்தானியாவும் இவற்றையே வைத்திருக்கிறது. பரிசோதனைக்கு அனுப்பும்போது அழகான துண்டுகளைப் பொறுக்காதீர்கள். மூன்று வெவ்வேறு நாள் சுட்டவற்றிலிருந்தும், பின்மூலைத் தட்டு உட்பட, சம அளவு எடுத்து ஒன்றாக இடித்துக் கலந்து அனுப்புங்கள். பழைய முறையில் செய்ததையும் ஒரு பொதி தனியாக அனுப்புங்கள், இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் அந்த ஈஸ்ட்டை வாங்குவதா என்று முடிவெடுக்கலாம்.