தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு விரல் மரத்துப்போவது ஏன்?

கேள்வி: என் மனைவிக்கு 41 வயது. பாப்பிலரி வகை தைராய்டு புற்றுநோய் என்று முழு தைராய்டையும் எடுத்து 9 நாள் ஆகிறது. வயிறு உப்புசமாக இருக்கிறது என்று கால்சியம் மாத்திரையை அவரே நிறுத்திவிட்டார். இரண்டு நாளாக விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதாம். குரலும் கம்மிவிட்டது. புற்றுநோய் நரம்புக்குப் பரவிவிட்டதா?

பதில்: அப்படித் தோன்றவில்லை. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வதுபோல் இருப்பது ரத்தத்தில் கால்சியம் இறங்கியதன் அறிகுறி. அதற்காக நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், இன்றே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் கால்சியம், மக்னீசியம், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தைராய்டின் பின்பக்கம் துவரம்பருப்பு அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் அவற்றுக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அடிபடலாம், அப்போது அவை சில வாரம் அசந்துபோய்விடும். எலும்பிலிருந்து கால்சியத்தை இறக்கித் தருவதும், சிறுநீரில் வீணாகாமல் பிடித்து வைப்பதும், வைட்டமின் டியை வேலை செய்ய வைப்பதும் அவை சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோன்தான். அதனால்தான் பாலும் கேழ்வரகுக் கூழும் மட்டும் கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது, கால்சியத்தோடு கால்சிட்ரியால் (வேலை செய்யத் தயாரான வடிவில் உள்ள வைட்டமின் டி) மாத்திரையும் தேவைப்படும்.

வளையல் மாட்டும்போது விரல்களைக் குவிப்போமே, கை தானாகவே அப்படி மடங்கி இறுகிக்கொண்டாலோ, வலிப்போ படபடப்போ மூச்சுத்திணறலோ வந்தாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள், ரத்தக்குழாய் வழியாகக் கால்சியம் ஏற்ற வேண்டியிருக்கும்.

மாத்திரையை நிறுத்தியதற்காக அவரைக் கோபிக்காதீர்கள். கால்சியம் கார்பனேட் பலருக்கு வயிற்றை உப்ப வைக்கும், மலச்சிக்கலும் தரும். டாக்டரிடம் சொன்னால் வேறு வகை கால்சியம் எழுதித் தருவார். அப்புறம், நிறைய வீடுகளில் நடக்கும் ஒரு தவறு: காலையில் எல்லா மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுக் காபி குடிப்பது. தைராக்ஸின் (எடுத்துவிட்ட தைராய்டுக்குப் பதிலாகத் தரும் ஹார்மோன் மாத்திரை) எழுதியிருந்தால் அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் கொடுங்கள், காபிக்கு அரை மணி நேரமாவது போகட்டும், கால்சியத்துக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தைராக்ஸின் உடம்பில் சரியாகச் சேராது. அந்த மாத்திரைதான் புற்றுநோய் திரும்பாமல் இருக்கவும் உதவுகிறது.

குரல் விஷயம் வேறு. குரல்நாண்களுக்குப் போகும் நரம்புகள் தைராய்டை உரசிக்கொண்டுதான் ஓடுகின்றன, ஆபரேஷனில் இழுபட்டாலே குரல் கம்மிவிடும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா என்று கவனியுங்கள், ஏறினால் காது மூக்கு தொண்டை மருத்துவர் சின்னக் கேமரா விட்டுக் குரல்நாண் அசைகிறதா என்று பார்த்துச் சொல்வார். அதுவரை அவரைக் கத்திப் பேச வைக்காதீர்கள், கிசுகிசுத்துப் பேசுவதும் வேண்டாம், இயல்பான சத்தத்தில் கொஞ்சமாகப் பேசினால் போதும்.