3சி 273 குவாசாரின் தொலைவு: மூன்று எண்களுள் எது சரி?

வணக்கம். 3சி 273 என்ற குவாசாரின் (தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் மிகப் பிரகாசமான மையம்) தொலைவு ஒரு நூலில் 240 கோடி ஒளியாண்டு என்றும், மற்றொன்றில் 200 கோடி என்றும் இருக்க, உங்கள் கணக்கில் 220 கோடி வந்ததாக எழுதியிருந்தீர்கள். உங்கள் பெருக்கலில் பிழையில்லை. செம்பெயர்ச்சி (ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டுள்ளது என்ற விகிதம்) 0.158-ஐ ஒளியின் வேகத்தால் பெருக்கினால் நொடிக்கு 47,400 கிலோமீட்டர். அதை, பேரண்டம் விரியும் வீதத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலி 70-ஆல் (ஒரு மெகாபார்செக்கிற்கு நொடிக்கு 70 கிலோமீட்டர்) வகுத்தால் 677 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் என்பது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு), அதாவது சுமார் 220 கோடி ஒளியாண்டு. ஆனால் இந்த நேர்விகிதம் அண்மை விண்மீன் மண்டலங்களுக்கே துல்லியமாகப் பொருந்தும்.

நூல்களின் எண்கள் வேறுபடுவதற்குக் காரணம், விரியும் பேரண்டத்தில் 'தொலைவு' என்பதற்கு ஒரே பொருள் இல்லாமையே. ஒளி நம்மை வந்தடைய எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள். அந்த ஒளி பயணம் செய்த காலத்தில் இடைவெளியும் விரிந்துகொண்டே இருந்ததால், குவாசார் இன்று இருக்கும் தொலைவு சுமார் 213 கோடி ஒளியாண்டு. விரிவினால் ஒவ்வொரு ஒளித்துகளும் ஆற்றலை இழப்பதோடு, அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேரும் கால இடைவெளியும் நீள்வதால், பொருள் கூடுதலாக மங்கித் தெரிகிறது. அந்த மங்கலிலிருந்து பெறப்படும் ஒளிர்வுத் தொலைவு, 213-ஐ 1.158-ஆல் பெருக்கக் கிடைப்பது. முதல் நூலின் 240 கோடி இதைத்தான் குறிக்கிறது என்று கருதுகிறேன்.

1963-இல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் இதன் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகளை அடையாளம் கண்டபோது வியப்பூட்டியது, இத்தனை தொலைவிலும் அது சிறு தொலைநோக்கிக்கு எட்டும் ஒளியுடன் இருந்ததே. அந்த உண்மையான ஒளிர்வைக் கணக்கிடுவதே உங்கள் நோக்கமென்றால், ஒளிர்வுத் தொலைவை மட்டுமே பயன்படுத்துங்கள்.