முதலில் சைக்கிளா, பயிற்சியா?

கேள்வி: மலைப்பாதையில் மவுண்டன் பைக் ஓட்ட ஆசை. 65 ஆயிரம் ரூபாயில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நீலகிரியில் இரண்டு நாள் ஆரம்பநிலைப் பயிற்சி முகாமுக்கு 7 ஆயிரம் கேட்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே சைக்கிள் ஓட்டுகிறவன் இதற்குப் பணம் கட்ட வேண்டுமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: கட்டுங்கள். சைக்கிளை அப்புறம் வாங்கலாம்.

ரோட்டில் ஓட்டுவது வேறு, கல்லும் வேருமாகக் கிடக்கிற சரிவில் இறங்குவது வேறு. சீட்டில் உட்கார்ந்தே பழகிய நமக்கு, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நின்று, முட்டியையும் முழங்கையையும் தளர்வாக மடக்கி, முன்சக்கரத்தைப் பார்க்காமல் பாதையைத் தூரத்தில் பார்க்கிற பழக்கம் தானாக வராது. பயம் வந்தால் உடம்பு பின்னால் சாயும், முன்சக்கரத்தில் எடை குறைந்து பிடிமானம் போகும், ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. உங்கள் முழங்கை விறைத்திருப்பதை எந்த வீடியோவும் சொல்லாது, பக்கத்தில் நிற்கிற ஆள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு காரணம் பணம். முகாமில் வாடகை வண்டியில் இரண்டு நாள் ஓட்டினாலே உங்களுக்கு எந்த ஃப்ரேம் அளவு சரி, ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற) பிரேக் ஏன் வேண்டும் என்பதெல்லாம் கைக்கே தெரிந்துவிடும். கடையில் 'மவுண்டன் பைக்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், கையேட்டைக் கேட்டு வாங்கிப் வண்டி எந்த மாதிரிப் பாதைக்கு என்று சொல்லும் பயன்பாட்டு வகையைப் பாருங்கள். பல கம்பெனிகள் பின்பற்றும் ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் முறையில் 2-ம் வகை என்றால் மண் ரோடும், 15 செ.மீ. உயரம் வரை படி போல இறங்குகிற இடங்களும்தான், கரடுமுரடான பாதைக்குக் குறைந்தது 3-ம் வகை வேண்டும். 2-ம் வகை வண்டியை மலையில் இறக்கி ஃப்ரேம் உடைந்தால் வாரண்டி கேட்பது கஷ்டம்.

சரி, பணம் கட்டும் முன் முகாம்காரர்களிடம் என்ன கேட்பது? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள், ஆறுக்கு மேல் போனால் நான் வேறு முகாம் தேடுவேன். பயிற்சியாளருக்குக் கனடாவின் மவுண்டன் பைக் பயிற்சியாளர் சங்கமான பி.எம்.பி.ஐ.ஏ. தருவது போன்ற சான்றிதழும் முதலுதவிப் பயிற்சியும் இருக்கிறதா, முதல் நாள் காலை சமதளத்தில் பழக்குகிறார்களா இல்லை நேராகச் சரிவுக்குக் கூட்டிப்போகிறார்களா, காட்டுப் பாதை என்றால் வனத்துறை அனுமதி உண்டா, மழையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்குங்கள். ஹெல்மெட்டின் உள்ளே இ.என். 1078 (ஐரோப்பியத் தரம்) அல்லது சி.பி.எஸ்.சி. (அமெரிக்கத் தரம்) ஸ்டிக்கர் இருக்க வேண்டும். வண்டியைக் கையில் வாங்கியதும் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். நம் ஊரில் வழக்கமாக வலது கை முன்பிரேக், அமெரிக்க அமைப்பில் வந்த வண்டியில் அது இடது கையில் இருக்கும், சரிவில் போய் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது!

'எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். படித்துவிட்டுப் போடுங்கள், ஆனால் அதோடு உங்கள் உரிமை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பழுதான பிரேக்கோடு வண்டி கொடுத்தால் அது சேவைக் குறைபாடு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம், சேவைக்கு நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பாருங்கள். பணம் கட்டிய ரசீதும் அந்த வாட்ஸ்அப் பதில்களும் பத்திரமாக இருக்கட்டும்.