மறு: பாலிடெக்னிக் போகும் மகளுக்கு ஐபேட் மட்டும் போதுமா?

வணக்கம் அண்ணே. மகள் ஏப்ரலில் பாலிடெக்னிக்கில் ஐடி படிக்கச் சேர்கிறாள், மடிக்கணினிக்குப் பதில் 2025-இல் வந்த, ஏ16 சிப் உள்ள ஐபேட் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ஐடி என்றால் போதாது. நிரல் எழுதித் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். விண்டோஸ் மென்பொருளை ஐபேடில் நிறுவ முடியாது.

மற்றபடி நல்ல பொருள்தான். குறிப்பெடுக்க, பிடிஎஃப்பில் கோடு போட, எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே படிக்க வசதி. எடை அரைக் கிலோகூட இல்லை, 128 ஜிபி தாராளம். ஆனால் திரையில் எழுதும் ஆப்பிள் பென்சிலில் யூஎஸ்பி-சி வகை கை அழுத்தத்தை உணராது. படம் வரைகிற பிள்ளை என்றால் முதல் தலைமுறைப் பென்சிலைப் பாருங்கள். புளோக்கின் கீழே திறந்த தளமான வாய்ட் டெக்கில் உட்கார்ந்தால், வெளிச்சம் பிரதிபலித்துத் திரையில் பாடத்தைவிட நம் முகம்தான் நன்றாகத் தெரியும்! விசைப்பலகை, பென்சில் எல்லாம் தனிக்காசு. அந்தப் பணத்தையும் சேர்த்து முதலில் மடிக்கணினி வாங்குங்கள். ஐபேட் அடுத்த வருடம் பார்க்கலாம்.