டூட்டிங் குளத்து அக்காவிடம் சில குளிர்நீர்க் கேள்விகள்

லண்டன் டூட்டிங் பெக் திறந்தவெளி நீச்சல்குளம் 1906-இல் திறந்தது. இன்றும் நீரைச் சூடாக்குவதில்லை. பல குளிர்காலமாக அங்கே இறங்கி வருகிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அக்கா, நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் இரண்டு முறை 250 மீட்டர் என்று ஒரு சவாலில் பெயர் கொடுத்துவிட்டேன். இப்போது செப்டம்பர். எப்போது பழகத் தொடங்கலாம்?

இந்த வாரமே. இப்போது நீர் 17 டிகிரி அளவில் இருக்கும். வாரம் இரண்டு தடவை விடாமல் போனால், நீர் குளிரக் குளிர உடம்பும் கூடவே பழகும். வெந்நீரிலேயே குளித்துவிட்டு ஜனவரியில் நேராக 4 டிகிரியில் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள்.

இறங்கியதும் மூச்சு முட்டுகிறது. நான் பயந்தாங்கொள்ளியா?

இல்லை. தோல் திடீரென்று குளிர்ந்தால் உடம்பு தானாகவே மூச்சை இழுக்கும். முதல் அரை நிமிடம்தான் மோசம், ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்பீர்கள். அதனால் டைவ் அடிக்கவே கூடாது. படியில் இறங்கி, முகத்தில் நீர் தெளித்து, சூடான டீயை ஊதி ஆற்றுவதுபோல மெல்ல ஊதுங்கள். ஐந்தாறு முறை இறங்கிப் பழகினாலே இந்த முட்டல் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

எத்தனை நிமிடம் இருக்கலாம்?

டிகிரிக்கு ஒரு நிமிடம் என்பார்கள். அதை உச்ச வரம்பாக வையுங்கள். புதியவருக்கு 5 டிகிரியில் இரண்டு நிமிடமே தாராளம். நான் கடிகாரத்தைவிடக் கையை நம்புகிறேன். சுண்டுவிரல் மோதிரவிரலோடு ஒட்டாமல் விலகி நின்றால் தசை சொன்னபடி கேட்கவில்லை என்று அர்த்தம். உடனே கரையேறுங்கள், இன்னும் ஒரு சுற்று வேண்டாம்.

வெளியே வந்தபோது நன்றாகத்தான் இருந்தேன். பத்து நிமிடம் கழித்து உதறல் எடுத்தது. ஏன்?

கரையேறிய பிறகும் உள்ளுடம்பின் சூடு சிறிது நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆஃப்டர்டிராப் என்பார்கள். என் முதல் ஜனவரியில் பெரிய வீராங்கனைபோல ஈர உடையோடு நின்று அரட்டை அடித்தேன். அப்புறம் ஃபிளாஸ்க் மூடியைத் திருகக்கூட விரல் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டிதான் திறந்து, கோப்பையையும் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து என் பையில் பொத்தான் வைத்த சட்டையே கிடையாது. ஈரத்தைக் கழற்றி, மேலுடம்பை முதலில் மூடி, கம்பளித் தொப்பி, பிறகு கால்சட்டை. மூடியை நீந்தப் போகும் முன்பே தளர்த்தி வைப்பேன். வெந்நீர் ஷவர் உடனே வேண்டாம்: ரத்தக்குழாய்கள் விரிந்து, அழுத்தம் இறங்கி, மயங்கி விழுந்தவர்கள் உண்டு. உதறல் நிற்கும்வரை காரும் ஓட்டாதீர்கள்.

அப்பாவுக்கு 58 வயது, பிரஷர் மாத்திரை எடுக்கிறார். கூட வரலாமா?

டாக்டரைக் கேட்காமல் கூடாது. குளிர்நீரில் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று எகிறும். கரையில் துண்டோடு நிற்கச் சொல்லுங்கள், அதுவும் பெரிய உதவிதான்.

நம்ம நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன் சிறுவனாக இருந்தபோதே ஆங்கிலக் கால்வாயையே கடந்தாரே?

கடந்தார், 1994-இல். அது வேறு கணக்கு. கால்வாயைக் கோடையில் கடப்பார்கள், நீர் 15 டிகிரிக்கு மேலும் இருக்கும். அங்கே பல மணி நேரம் தாங்க வேண்டும். நமக்கு நிமிடக் கணக்கு.

அடுத்த வருடம் ஐஸ் மைல் போகலாமா?

5 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த நீரில் 1609 மீட்டர். சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி மட்டும். வெட்சூட் (குளிரைத் தடுக்கும் ரப்பர் உடை) கிடையாது. 2007-இல் லூயிஸ் பியூ என்ற நீச்சல் வீரர் வட துருவத்தில் மைனஸ் 1.7 டிகிரியில் ஒரு கிலோமீட்டர் நீந்தினார், ஆனால் அதற்குப் பின்னால் பல வருடப் பழக்கமும் ஒரு குழுவும் இருந்தன. முதலில் இந்த 250-ஐ மார்ச் வரை முடியுங்கள். பிறகு பேசலாம்.

காலை ஆறு மணிக்குத் துணை கிடைப்பதில்லை. தனியாகப் போகலாமா?

கூடாது. எட்டு மணிக்குப் போங்கள்.