புறநகரில் வீடு பெருகுகிறது, பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏன் இடம் இல்லை?

கேட்டிருப்பது இதுதான்: "சென்னைப் புறநகரில் வீடு கட்டிக் குடிவந்து ஐந்து வருடம் ஆகிறது. சுற்றிலும் வீடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அரசுப் பள்ளி, விளையாட்டுத் திடல், சுகாதார நிலையம் எதுவும் வரவில்லை. உள்ளாட்சி இதையெல்லாம் திட்டமிடாதா?"

இதே கேள்வியை நான் எங்கள் ஊராட்சித் தலைவரிடம் சண்டையாகவே கேட்டிருக்கிறேன். தாம்பரத்துக்கு மேற்கே ஒரு கிராம ஊராட்சியில் 2004-இல் மனை வாங்கியவன் நான். தெருவில் அப்போது மூன்று வீடுதான். பத்து வருடத்தில் தெரு நிரம்பிவிட்டது. மழலையர் பள்ளி முதல் பிளஸ் டூ வரை எல்லாமே தனியார்தான். ஒரு அங்கன்வாடியாவது கட்டுங்கள் என்று போய் நின்றால் தலைவர் சொன்னார்: "இடம் காட்டுங்க சார், நாளைக்கே எழுதிப் போடறேன்." தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்துத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் சொன்னது நிஜம் என்று புரியப் பல வருடம் பிடித்தது.

முதலில் யார் திட்டமிடுகிறார்கள் என்று பார்ப்போம். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பன்னிரண்டாம் அட்டவணையில் முதல் இனமே நகரத் திட்டமிடல்தான். அதாவது நகராட்சி, மாநகராட்சி செய்ய வேண்டியது. காகிதத்தில் அப்படி. இங்கே நிலப் பயன்பாட்டைத் தீர்மானிப்பது 1971-ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். அதன் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் வந்தது, 2026 வரைக்குமானது. அது 1,189 சதுர கிலோமீட்டருக்குப் போட்ட திட்டம். 2022-இல் எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். எழும்பூரில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிய வரைபடத்தில் உங்கள் தெரு 'குடியிருப்புப் பகுதி' என்று ஒரு நிறம், அவ்வளவுதான். அந்த நிறத்துக்குள் எந்த சர்வே எண்ணில் பள்ளி வரும் என்று பெரும்பாலும் யாரும் குறித்து வைப்பதில்லை.

அப்படியானால் பொதுத் தேவைக்கு நிலம் எப்போது கிடைக்கிறது? ஒரு நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் மனைப்பிரிவுக்கு (லே-அவுட்) அனுமதி கொடுக்கும் அன்றைக்கு. அதை விட்டால் பிறகு கிடையாது. கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் என்ன சொல்கின்றன? மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் திறந்தவெளி எதுவும் விட வேண்டியதில்லை. 3,000 முதல் 10,000 வரை என்றால், சாலை போக மீதியில் பத்து சதவீதம் விட வேண்டும்; அல்லது அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். 10,000-ஐத் தாண்டினால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். எல்லாரும் ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் என்பது இதைத்தான். அதோடு பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு சதவீதம்: பாதி உள்ளாட்சிக்கு, பாதி மின்வாரியத்துக்கு.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அதில் ஒரு சதவீதம் இரண்டரை சென்ட். சாலையைக் கழித்தால் இன்னும் குறையும். உள்ளாட்சியின் பங்கு ஒரு சென்டுக்குப் பக்கம். ஒரு சென்டில் பள்ளிக்கூடம் கட்ட முடியுமா? ஒரு ஆழ்துளைக் கிணறும் மோட்டார் ரூமும் வைக்கலாம். நான்கு ஏக்கர் வைத்திருப்பவர் அதை எழுபது எழுபது சென்ட்டாகப் பிரித்துத் தனித்தனி மனுவாகப் போட்டால் அதுவும் இல்லை. இப்படி இருபது மனைப்பிரிவு ஒட்டி ஒட்டி வந்தால் ஐயாயிரம் பேர் வாழும் ஊர் உருவாகிவிடும், ஆனால் ஊர் என்று அதை யாரும் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அனுமதியே இல்லாமல் போட்ட மனைகளின் கதை தனி. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப்பதிவைத் தடுத்தது. 2017-இல் முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் மனை முறையாகிவிடும். ஏற்கெனவே வீடு எழும்பிவிட்ட இடத்தில் பூங்கா எங்கிருந்து முளைக்கும்?

சரி, கொடுத்த நிலமாவது பத்திரமாக இருக்கிறதா? எங்கள் மனைப்பிரிவு அனுமதி பெற்றது. வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சையாக இருந்தது. பல வருடம் அங்கே கருவேல முள்தான். 2013 வாக்கில் ஒருநாள் பொக்லைன் வந்து முள்ளை வழித்துக்கொண்டிருந்தது. பார்க் வேலை ஆரம்பித்துவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம், பாருங்கள்! விசாரித்தால் யாரோ ஒருவர் அந்த இடத்தைக் கிரயம் வாங்கியிருந்தார்.

எப்படி என்றால், மனைப்பிரிவு போட்டவர் சாலையையும் பூங்காவையும் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட்டார். அதோடு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வருவாய்த் துறைப் பதிவில் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்தது. பெயர் மாற்றக் கேட்க வேண்டிய அலுவலகம் கேட்கவில்லை. பட்டா கையில் இருக்கிறவர், அல்லது அவர் வாரிசு, விற்றுவிட்டார். இது எங்கள் தெருவின் தனிக் கதை என்று நினைத்தேன். அப்புறம் மற்ற நலச்சங்கக்காரர்களிடம் பேசினால் பாதிப் பேர் இதே கதையைச் சொல்கிறார்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுத் தானப்பத்திர நகல் வாங்கினோம். வில்லங்கச் சான்றோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்தோம். நான்கு வருடம். சங்கத்தில் முதலில் பதினெட்டுப் பேர் வந்தார்கள், கடைசியில் ஓய்வு பெற்ற இரண்டு பேரும் நானும். பட்டா மாறியது, கம்பிவேலி வந்தது. இன்றைக்கு அங்கே நடைபாதையும் நான்கு ஊஞ்சலும் இருக்கின்றன. பள்ளிக்கூடம்? அது இன்னும் கிடையாது. பூங்காவுக்கு விட்ட நிலத்தில் கட்டடம் எழுப்பவும் கூடாது.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. குஜராத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பகுதியின் நிலம் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து, சாலை, பள்ளி, பூங்கா, ஏழைகளுக்கான வீடு என்று முதலில் எடுத்துவிட்டு, மீதியைச் சீராகப் பிரித்து உரிமையாளர்களுக்கே திருப்பித் தருகிறார்கள். அகமதாபாத் விரிந்தது பெரும்பாலும் இப்படித்தான். தமிழ்நாட்டிலும் இதற்கு 2018-இல் சட்டத்திருத்தம் வந்தது. ஆனால் நிலம் இன்னும் வயலாக இருக்கும்போதே செய்தால்தான் பயன்.

நீங்கள் செய்யக்கூடியது: ஊராட்சி என்றால் கிராம சபை, மாநகராட்சி என்றால் வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபை. அங்கே போய் "பள்ளி வேண்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் கேட்பதுதான். "இந்த ஊரில் இதுவரை தானமாக வந்த இடங்கள் எத்தனை, சர்வே எண் என்ன, பட்டா யார் பெயரில்?" என்று கேட்டுத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். புறம்போக்கு நிலம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பள்ளிக்கோ சுகாதார நிலையத்துக்கோ நடைமுறையில் அதுதான் கதி. ஏரி, வாய்க்கால் புறம்போக்கைக் காட்டினால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2015 டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்றவன் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. உங்கள் மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்து, பச்சையாக இருக்கும் இடத்தின் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, அரசின் பட்டா இணையதளத்தில் யார் பெயர் வருகிறது என்று இன்று இரவே பாருங்கள். காசு கிடையாது. ஊராட்சி பெயரோ மாநகராட்சி பெயரோ வராவிட்டால், நாளைக் காலை முதல் வேலை தானப்பத்திர நகலுக்கு மனு எழுதுவதுதான்.