வாசகர் கேள்வி – பதில்: சாவு வீட்டில் சுவர் சிரிக்கலாமா?

கேள்வி: என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு முடித்திருக்கிறாள். பொது இடங்களில், மக்களோடு சேர்ந்து செய்கிற கலைக்கு கியூரேட்டர், அதாவது கலைத் திட்டங்களை ஒருங்கிணைத்து நடத்துபவர், ஆகப் போகிறாளாம். ஓவியர் வருகிறார், சுவரில் வரைந்துவிட்டுப் போகிறார். நடுவில் இவளுக்கு என்ன வேலை? மாதம் பிறந்தால் சம்பளம் வருமா? அவள் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.
– ஓர் அம்மா, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அக்கா, நானும் இதே வேலையில்தான் இருக்கிறேன். என்ன வேலை பார்க்கிறாய் என்று என் பெரியம்மா தீபாவளிக்குத் தீபாவளி கேட்பார். “அனுமதி வாங்குகிறேன்” என்பேன். பாதி உண்மை.

மீதிப் பாதி இப்படி. ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத் தூண்களில் ஓவியம் தீட்டத் திட்டம். ஓவியர் காட்டிய மாதிரிப் படத்தில் தூணுக்குத் தூண் வாய்விட்டுச் சிரிக்கும் முகங்கள். கூட்டத்துக்கு வந்தவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. நான்காம் மாடிப் பாட்டி மட்டும் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “இந்த மூணாவது தூண்கிட்டதாம்மா சவப்பெட்டிய வைப்பாங்க. எங்க வீட்டுக்காரரையும் அங்கதான் வச்சோம். சாவு வீட்டுல சுவரு சிரிக்கலாமா?”

அதே இடத்தில்தான் மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணமும் நடக்கும், அழுமூஞ்சியும் ஆகாது. பாட்டி சொன்னதை ஓவியருக்கு ஆங்கிலத்தில் விளக்கி, அவர் கோபம் தணியும்வரை காப்பி வாங்கிக் கொடுத்து, முகங்களை மின்தூக்கிப் பக்கச் சுவருக்கு மாற்றி, திருத்திய படத்துக்கு நகர மன்றத்திடம் மறுபடி ஒப்புதல் வாங்கினேன். இதற்குத்தான் கியூரேட்டர். தூண்களில் இப்போது கொடியும் இலையும் இருக்கின்றன. பாட்டிக்குத் தமிழில் பதில் சொல்ல ஆள் இருந்தது அன்று பெரிய உதவி. உங்கள் மகளுக்கும் அது கைகொடுக்கும்.

கேட்காமல் செய்தால்? 2017ல் பிரியகீதா தியா என்ற நம் பெண், லசால் கலைக் கல்லூரி மாணவி, ஜாலான் ராஜாவில் தாம் குடியிருந்த புளோக்கின் படிக்கட்டுக்குத் தங்கநிறத் தாள் ஒட்டினார். அனுமதி பெறவில்லை என்றது நகர மன்றம். ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. எல்லாரையும் கேட்டுச் செய்திருந்தால் அந்தத் தங்கம் வெளிர்மஞ்சளாகியிருக்கும் என்பது என் எண்ணம். எங்கள் தொழிலில் தீராத சங்கடம் இது.

மக்களோடு சேர்ந்து என்றால் எப்படி என்கிறீர்களா? அமண்டா ஹெங் 1996ல் ஒரு மேசை போட்டு, வந்தவர்களோடு உட்கார்ந்து தவுகே (முளைப்பயறு) வால் கிள்ளி, தேநீர் குடித்துப் பேசினார். அதுவே படைப்பு. அமெரிக்காவில் மேரி ஜேன் ஜேக்கப் இரண்டு பெரிய அரும்பொருளகங்களில் தலைமை கியூரேட்டராக இருந்தவர். அந்தக் கட்டடங்களை விட்டு வெளியே வந்து, 1993ல் சிகாகோவின் பல வட்டாரங்களில் ஒரே திட்டமாகக் கலையை நடத்திக் காட்டினார். அதில் ஒன்று, மிட்டாய்த் தொழிற்சங்க ஊழியர்களே யோசித்துச் செய்த சாக்லெட். நாற்பது ஆண்டு அடுத்தவர் சாக்லெட்டைப் பொட்டலம் கட்டியவருக்குச் சொந்தமாக ஒன்று செய்யச் சொன்னால் எப்படி இருந்திருக்கும்! எனக்கு இன்றும் பொறாமை.

சம்பளத்துக்கு வருவோம். அரும்பொருளகங்களில் நிரந்தர வேலை குறைவு. மற்றவர்கள் திட்டத்துக்குத் திட்டம் ஒப்பந்தம். தேசியக் கலைகள் மன்றம் 2014ல் பொதுக் கலைக்கென ஒரு நிதி தொடங்கியது. அதுபோன்ற ஆதரவை நம்பித்தான் பலர் ஓடுகிறோம். சுயதொழில் என்றால் முதலாளியின் மத்திய சேம நிதிப் பங்கு கிடையாது. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்கு நாமே கட்ட வேண்டும். அப்பாவின் கவலை நியாயம். ஆகவே முதுகலைக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். ஏதாவது ஒரு கலைக் குழுவில் தொண்டூழியராகச் சேர்ந்து, வீடு வீடாகக் கதவு தட்டட்டும். நாலு பேர் முகத்தில் அடித்ததுபோல் கதவைச் சாத்திய பிறகும் ஐந்தாவது கதவைத் தட்டுகிறாளா என்று பாருங்கள். தட்டினால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அரும்பொருளகவியலும் கியூரேட்டர் பயிற்சியும் சேர்ந்த முதுகலை இருக்கிறது, அப்புறம் யோசிக்கலாம்.

கேள்வி: தேசிய அரும்பொருளகத்தில் ராட்சத மிளகாய்ச் சிலை வைத்திருக்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?
– வாசகர், தேக்கா

பதில்: குமாரி நாகப்பன் 2006ல் வெண்கலத்தில் செய்த மிளகாய் அது. தமிழர், மலாய்க்காரர், சீனர், பெரனாக்கான், எந்த வீட்டு அம்மியிலும் அரைபட்ட பொருள். அர்த்தம் கேட்டு யாரும் முழிப்பதில்லை, பிள்ளைகள் நேரே ஓடிப்போய்த் தொட்டுப் பார்க்கிறார்கள். பொது இடத்துச் சிலைக்கு அதைவிட என்ன வேண்டும் ஐயா? இவரே செய்த ராட்சத மஞ்சாடி விதை சாங்கி விமான நிலையத்தில் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாருங்கள்.